என் தலைமேல் வைத்த கையை எடுத்துவிடு

கண்ணா,

இன்று காலை உனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டேன். இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. உன் சீரியல் கம்பெனியில் மேனேஜராக இருக்கிற பெரியவர். "அம்மா, சார் இன்னா போனே எடுக்க மாட்றாரு? ஆர்ட்டிஸ்ட்டுங்கள்லாம் மேக்கப் போட்டுகினு குந்திகினு கீறாங்க. சீன் பேப்பர் இன்னும் வர்ல. டைரக்டரு என்னியப் புடிச்சிக் கத்திகினு கீறாரு. ஒரே பேஜாரா கீதும்மா," என்றார். உனக்குக் கல்யாணமாகி நீ கேளம்பாக்கத்துக்குக் குடிபோனது அந்த மனிதருக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது. அதையாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது என்னவோ, "குளிச்சிட்டிருக்கான் சார், வந்ததும் பேசச் சொல்றேன்" என்பதுதான். அவர் போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெள்ளிக்கெயமைக்குள்ள அந்தப் பெரிய சீன் வர்லைன்னா வேற ரைட்டரப் போட்டுருவாங்கம்மா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நல்ல புள்ளம்மா உங்க புள்ள," என்றார். அடுப்பில் இட்லிப் பானை வெறும் தண்ணீரோடு கொதித்துக்கொண்டிருந்தது. தட்டை உள்ளே வைக்கவே மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு உனக்கு நான் எத்தனை தடவை அடித்தேன் என்று உன் போனே சொல்லும். முழுசாக அடித்து ஓய்கிறது, நீ எடுக்கவில்லை. என் புத்தி போகிற வேகம்தான் உனக்குத் தெரியுமே. முதலில் ஓஎம்ஆரில் லாரி. அப்புறம் நீ லிப்டில் மாட்டிக்கொண்டிருப்பதாக. அப்புறம் நிவேதாவோடு சண்டை என்று. அப்புறம், எழுதக்கூடக் கை வராத ஒன்று. உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "தூங்கிட்டிருப்பான், விடு" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். கடைசியில் நிவேதாவுக்கு ஆபீஸ் நேரத்தில் போன் செய்யக் கூடாது என்று நானே போட்டுக்கொண்ட சட்டத்தை நானே மீறினேன். பாவம், மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே வந்து பேசினாள். "வீட்லதான் இருக்கார் அத்தை. ரூமைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கார். போனை சைலன்ட்ல போட்டுட்டார்," என்றாள். கொஞ்சம் தயங்கி, "இனிமே எழுத்தே வேணாம்னு சொல்றார். ஏதோ விளம்பரக் கம்பெனிக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கார்," என்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் "கொஞ்சம் வேலை டைட்டுமா" என்று மட்டும் சொன்னவன் நீ. அவள் இன்னொரு விஷயமும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வர வேண்டும்.

இதையெல்லாம் போனில் பேசியிருக்கலாம்தான். போனில் நீ "ம்" கொட்டுவாய், நான் உன் "ம்"மில் என்ன இருக்கிறது என்று யோசித்து ராத்திரியைக் கெடுத்துக்கொள்வேன். அதுவுமில்லாமல், இங்கே உன் அப்பா பக்கத்திலேயே இருப்பார். அவர் காதில் விழக் கூடாதது ஒன்று இதில் இருக்கிறது. இப்போது அவர் பிரதோஷத்துக்கு மாடம்பாக்கம் கோயிலுக்குப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். நாளை நிவேதா மாவு வாங்க வருகிறாள், டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை. கணக்கு டீச்சர் எழுதுகிற கடிதம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

நீ இந்த வீட்டில் எழுதிய நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். கதையை ஒருவர் யோசிக்கிறார், காட்சிகளை இன்னொருவர் அடுக்குகிறார், அதில் வருகிறவர்கள் என்ன பேச வேண்டும் என்று எழுதுவது நீ. இதை எதிர்வீட்டு மேரி டீச்சருக்கு நான் எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! காலையில் பல்லைத் தேய்த்ததும் டைனிங் டேபிளில் ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். இன்னொரு மூலையில் நான் காய் நறுக்குவேன். குக்கர் கத்தும், உன் அப்பா மாடியிலிருந்து "மோட்டாரைப் போடு" என்று கத்துவார், மேரி டீச்சர் கறிவேப்பிலை கேட்டு வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போவார். நீ நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாய். திடீரென்று, "அம்மா, கோவமா இருக்கறவ புருஷனுக்குக் காபி குடுப்பாளா, மாட்டாளா?" என்று கேட்பாய். "குடுப்பா. டம்ளரை வெக்கிற சத்தத்துல தெரிஞ்சிடும்," என்பேன். "அப்ப டயலாக்கே வேணாமா?" "ஒண்ணே ஒண்ணு. 'சர்க்கரை போட்டிருக்கு.' அவ்ளோதான்." நீ சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வாய். சில நாள் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாய். பிடிக்காவிட்டால், "இப்படி எவடா பேசுவா?" என்பேன். உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி எழுதுவாய். தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மா ஒருநாள் என் கையைப் பிடித்து, "உன் புள்ளயா எய்தறான்? பொம்பளைங்க மன்சுல பூந்து பாத்தா மாரி எய்தறாம்மா," என்றார். அன்றைக்கு நான் தேவையில்லாமல் முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கேளம்பாக்கம் வீட்டுக்கு நான் வந்து தங்கியபோது உன் அறையைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது, யார் வீட்டுக்கோ வந்துவிட்ட மாதிரியும் இருந்தது. முதுகு வலிக்காத நாற்காலி, ஏசி, சுவரில் பலகை, அதில் கலர் கலராய்ச் சீட்டுகள். போனில் ஒரு செடி. போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் அது வளரும், தொட்டால் பட்டுப்போகும் என்றாய். பிரிட்ஜ் கதவில் நிவேதா ஒரு அட்டை ஒட்டியிருந்தாள், நீ எழுதிய நாளுக்கு ஒரு டிக். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் எழுத்து வரும் என்று யாரோ சொன்னார் என்று ஐந்து மணிக்கு எழுந்தாய். வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தாய். கதவைச் சாத்தினாய். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்று கேட்டேன் கண்ணா, ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள். ஒரு சின்ன ஓட்டம் மாதிரி கீபோர்டு சத்தம் வரும். உடனே ஒரே பொத்தானைத் தட்டுகிற சத்தம் நீளமாக வரும். நீ எழுதியதை அழிக்கிறாய் என்று புரிந்துகொள்ளக் கணக்கு டீச்சருக்குத் தெரியாதா என்ன? மத்தியானம் சாப்பிட வந்தபோது உன் முகம், பரீட்சைத் தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பையன் முகம். செடி என்னவோ நன்றாக வளர்ந்திருந்தது.

வீடு ரொம்ப அமைதியாக இருப்பதால்தான் என்று நானாக முடிவு கட்டினேன். "வெளிய வந்து டைனிங் டேபிள்ல உட்காரேன்டா, நான் காய் நறுக்கறேன்," என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். "வேணாம்மா, நீ சும்மா இரு, நீ எதுவும் பேசாத," என்றாய். அன்று சாயந்திரமே நான் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். முட்டுக்கட்டை நான்தான் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தோன்றியது. அதில் பாதி சரிதான் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

இப்போது வசந்தா அத்தை விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின் அக்கா வாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடுவாஞ்சேரியில் அவர்கள் வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து. அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் மருமகள் சுமதி காபி கொண்டுவந்து நீட்ட, அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "சுமதி போடற காபியில குறையே சொல்ல முடியாது. காபின்னு ஒண்ணு அதுல இருந்தாத்தானே," என்றார். அந்தப் பெண் முகம் சுண்டிப்போனதை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். நான் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நீ எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். கொஞ்ச நாள் கழித்து உன் சீரியலில் வருகிற மாமியார், ஒரு எழுத்து மாறாமல் அதையே சொன்னாள். கூடுவாஞ்சேரி வீட்டு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சுமதி குபீரென்று சிரித்திருக்கிறாள். சிரித்தவள் நிறுத்தவும் இல்லையாம்.

மறுநாள் காலை அத்தை நம் வீட்டு வாசலில். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னைச் சந்தி சிரிக்க வெச்சிட்டான் உன் புள்ள. நான் என்ன டிவில வர்ற வில்லியா? கல்யாணத்துக்கு என் பொண்ணு வந்து நாத்தனார் முடிச்சு போடுவாள்னு மட்டும் கனவு காணாத," என்றார். பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்டது. உனக்கு உடன்பிறந்தவள் இல்லை, பெரியப்பா, சித்தப்பா பெண்களும் இல்லை. முறைப்பெண்ணாக இருந்தாலும், தாலியில் மூன்றாவது முடிச்சைப் போட அத்தை மகள் பிரியாவை விட்டால் நமக்கு யார்? எழுதிக்கொண்டிருந்த உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அந்தக் கையை என் தலைமேல் வைத்து, "இனிமே நம்ம வீட்ல, நம்ம சொந்தத்துல யார் பேசறதையும் எழுத மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு," என்றேன். நீ சிரித்தபடி கையை உருவப் பார்த்தாய். அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். நான் விடவில்லை. நீ சத்தியம் செய்தாய். பிரியா வந்தாள், முடிச்சு போட்டாள், அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பாயசம் சரியில்லை என்றார். தாம்பூலப் பை கொடுத்து முடிப்பதற்குள் எனக்கு அந்தச் சத்தியம் மறந்தே போய்விட்டது.

மறந்தேபோனேன் என்பது சத்தியமான உண்மை. பார், இப்போதும் வருகிறது! நம் வீட்டில் சத்தியம் கொத்தமல்லித் தழை மாதிரி, எதிலும் கொஞ்சம் தூவிவிடுவோம். வெளியில் பஜ்ஜி சாப்பிட மாட்டேன் என்று உன் அப்பா என் தலைமேல் செய்த சத்தியம் எத்தனை? சட்டையில் எண்ணெய்க் கறையோடு வருவார். என் தலை நன்றாகத்தான் இருக்கிறது. நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். நீ சின்னதிலிருந்தே எதையும் பாதியாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவன் என்பது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

இனி நிவேதா சொன்னதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நீ ஒரு வசனம் எழுதினாய். அந்தச் சீரியலின் அம்மா தன் கணவனிடம், "உங்களுக்குப் பசிச்சாத்தான் எனக்குக் கை இருக்கறதே ஞாபகம் வரும்," என்பாள். அது நான் ஒருநாள் சப்பாத்தி மாவுக் கையோடு உன் அப்பாவிடம் சொன்னது. டிவியில் கேட்டு நான் ரசித்துச் சிரித்தேன். உன் அப்பாவும் சிரித்தார், யாருடைய வீட்டுக் கதையோ என்று. மறுநாள் காலை வாஷிங் மெஷின் பக்கத்தில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து என் மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த நீ சுவரோடு சுவராக வெளுத்துப்போய் நின்றாய். "சாரிமா, சாரிமா" என்று ஓயாமல் சொன்னாய். "நீ என்னடா பண்ணே? சோப்புத் தண்ணி பண்ணுச்சு," என்று நான் உன்னைக் கிண்டல் செய்தேன். பாசம் என்று நினைத்தேன் கண்ணா. வாசலில் நின்ற நர்ஸிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன்.

"உங்க கை உடைஞ்சதுக்கு அவர்தான் காரணம்னு நினைச்சிட்டிருக்கார் அத்தை," என்றாள் நிவேதா. "உங்க தலைமேல பண்ண சத்தியத்தை மீறிட்டாராம். சிரிக்காதீங்க அத்தை, நான் ஒருதடவை சிரிச்சிட்டேன், ரெண்டு நாள் பேசலை. எந்த டயலாக் எழுதினாலும் அது கடைசியில நீங்க பேசற மாதிரியே வந்துடுதாம். உடனே பயந்து அழிச்சிடறார். இப்ப அழிக்கறது மட்டும்தான் நடக்குது." நான் சிரிக்கவில்லை. ஒரு நொடி எனக்கே மணிக்கட்டு வலித்தது. அப்புறம் அழுகை வந்தது. அழுது முடித்ததும் உன்மேல் கோபம் கோபமாய் வந்தது. எம்.எஸ்சி. படித்தவனுக்கு இப்படி ஒரு பயமா? எழுத வருவதற்கு முன்னால் ஆபீஸில் பாதி நாள் இன்டர்நெட்டும் கையுமாக இருந்தவன், அம்மா கை உடைந்ததற்கும் உன் வசனத்துக்கும் முடிச்சு போட்டுக்கொண்டு ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருப்பாயா? அந்த முடிச்சை உனக்கு யார் போட்டது என்று யோசித்ததும் கோபமும் போய்விட்டது.

போனை வைத்துவிட்டு நேரே பூஜை அலமாரி முன்னால் போய் நின்றேன். விளக்கை ஏற்றிவிட்டு, "அவன் என் தலைமேல பண்ண சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கறேன். என் தலை, நான் கேட்டது, நானே எடுத்துக்கறேன். அவனுக்கும் இதுக்கும் இனிமே சம்பந்தம் இல்லை," என்று வாய்விட்டே சொன்னேன். ஹாலிலிருந்து உன் அப்பா, "யார்கிட்ட பேசறே?" என்றார். "சாமிகிட்ட," என்றேன். "சரி சரி," என்றார். உன்னிடம் மறைப்பானேன், அதற்குப் பிறகு துணி காயப்போட மாடிக்குப் போனபோது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். இறங்கும்போது இன்னும் இறுக்கி. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாளியைக்கூடக் கீழே போடவில்லை. நீ இனி பயப்பட வேண்டாம் என்று எழுதுகிற நானே கொஞ்சம் பயந்துகொண்டுதான் இருக்கிறேன், அதனால் உன்னைக் கேலி செய்யும் தகுதி எனக்கும் இல்லை.

அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் போனில் என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? "ஏண்டி, அந்த மாமியார் இப்பல்லாம் ஏன் சப்புனு ஆயிட்டா? முன்னெல்லாம் வாயைத் திறந்தா நெருப்பா இருக்கும். உன் புள்ளைக்குச் சரக்கு தீந்துபோச்சா?" என்றார். நீ எழுதாததில் முதலில் குறை கண்டுபிடித்ததே அவர்தான். அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பழக்கம் பற்றி உனக்குச் சொல்ல நான் யார் என்று நீ கேட்கலாம். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நீ வாங்கித் தந்த ஷூ இன்னும் அட்டைப் பெட்டியில் புது வாசனையோடு இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து, பள்ளிக்கூடத்தில் வாரா வாரம் எழுதிய பாடக்குறிப்பு. திங்கட்கிழமை எச்.எம். மேஜையில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்களெல்லாம் சாப்பிட்டுவிட்டு உருண்டுகொண்டிருப்பீர்கள், நான் மட்டும் பின்னத்தைக் கூட்டச் சொல்லித்தருவது எப்படி என்று எழுதிக்கொண்டிருப்பேன். வருஷா வருஷம் எழுதுகிற அதே பின்னம்தான், ஆனாலும் சில வாரம் ஒரு வரி வராது. தலைப்பில் வகுப்பு, பிரிவு, தேதி எழுதுவேன். கோடு போடுவேன். அப்புறம் எழுதுகிற முதல் வரி பெரும்பாலும் அசட்டு வரியாக இருக்கும். அதை அடிக்காமல் அடுத்ததை எழுதுவேன். மூன்றாவது நான்காவது வரியில் பிள்ளைகள் முகம் வந்துவிடும், இவனுக்கு இது புரியாதே, இவளுக்கு இப்படிச் சொன்னால்தானே ஏறும் என்று கை ஓடிவிடும். இதைச் சொன்னால் நீ, "அது வேற, இது வேறமா," என்பாய். வேறாகவே இருக்கட்டும். அசட்டு வரியை அழிக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துபார். அழிப்பதை மத்தியானத்துக்கு வைத்துக்கொள். அந்த அறையை நிவேதாவுக்குத் துணி மடிக்கக் கொடுத்துவிட்டு, கதவில்லாத இடத்துக்கு வந்து உட்கார். ஒருநாள் எழுதவில்லையென்றால் பிரிட்ஜ் அட்டையைப் பார்த்துக் குமையாதே, மறுநாள் பல்லைத் தேய்த்ததும் போய் உட்கார். நான் பேசுகிற மாதிரி வந்தால் வரட்டும். என் வயிற்றில் பிறந்து, என் சமையலறையில் காது வளர்த்தவனுக்கு வேறு யார் மாதிரி வரும்?

அந்தப் பெரிய சீன் என்னவென்று நிவேதாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோபித்துக்கொள்ளாதே, அவளை நான்தான் வற்புறுத்தினேன். இத்தனை நாள் போகிறபோக்கில் ஒரு குத்தலோடு நிறுத்திக்கொண்ட அந்த அம்மா, முதல்முறையாகக் கணவனிடம் மனசில் இருப்பதைச் சொல்கிறாள். அவ்வளவு வருஷம் மனசுவிட்டுப் பேசாதவள் என்ன சொல்வாள் என்றுதான் உனக்கு வரவில்லை, இல்லையா? இந்த இடத்தில் நான் கொஞ்சம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது விழுப்புரத்தில் என் அம்மா இறந்துபோனது உனக்குக் கனவு மாதிரி ஞாபகமிருக்கும். பஸ்ஸில் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாய். அன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன். புதுப்புடவை கட்டிக்கொண்டு போய் நன்றாகப் பாடம் நடத்தினேன், ஆய்வாளர் பாராட்டினார். சாயந்திரம் அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தால் உன் அப்பா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். "அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம், கிளம்பு," என்றார். போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். உன் மாமா என்னைக் கட்டிக்கொண்டு, "காலைலயே அத்தான் ஆபீசுக்குப் போன் பண்ணேனேக்கா. மத்தியானம் வரைக்கும் நினைவு இருந்துச்சு. உன்னைத்தான் கேட்டுட்டே இருந்தாங்க," என்றான். காலையிலேயே. தாம்பரத்தில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போயிருப்பேன்.

திரும்பி வரும்போது உன் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீ பதறிடுவேன்னுதான் சொல்லலை. இன்ஸ்பெக்ஷன் வேற. சாயந்திரம் போனாப் போதும்னு நினைச்சேன். இப்படி ஆகும்னு தெரியாது." நான், "பரவாயில்லைங்க," என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். என்னை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. கை உடைந்ததிலிருந்து இங்கே காய் நறுக்குவதே அவர்தான், பீன்ஸைக் கட்டை விரல் அளவுக்கு நறுக்கிவைத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருப்பார். அதனாலேயே சொல்ல முடியவில்லை. எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்து, "சாம்பார் போதுமா" என்று முடித்திருக்கிறேன். ஒரு வரி தொண்டையில் வந்து நின்றுகொண்டு வெளியே வராமலிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் கண்ணா. நீ ஒரு வருஷமாக அனுபவிப்பதை நான் உன் மூன்றாம் வகுப்பிலிருந்து அனுபவிக்கிறேன்.

அந்த அம்மாவை இதைச் சொல்லச் சொல். உங்கள் கதைக்கு ஏற்ற மாதிரி ஊரை மாற்று, ஆளை மாற்று, டைரக்டர் கேட்டால் சாவையே மாற்று. ஆனால் இந்த வார்த்தைகளைத் தொடாதே: "அன்னைக்கு நான் பரவாயில்லைன்னு சொன்னேன். அது நிஜமில்லைங்க. எங்கம்மா என்னைக் கேட்டுக்கிட்டே போனாங்க. எனக்குத் தெரியணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" இவ்வளவுதான். அவளை அழ வைக்காதே. கத்த வைக்காதே. கையில் ஏதாவது வேலை கொடு. பின்னணி இசைக்காரரிடமும் சொல்லிவை, வயலினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடப் போகிறார்.

கேட்டுவிட்டு உன் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. புரியாமல் அடுத்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். புரிந்துகொண்டு எழுந்து போய்விடலாம். இரண்டுமே எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுது. கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடு. அது என்றைக்கு ஒளிபரப்பாகிறது என்று மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல். அன்றைக்கு வேலையையெல்லாம் சீக்கிரம் முடித்துவிட்டு, நான் அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

அம்மா